சித்தப்பா கல்யாணத்துக்கு அப்பா பின்னிய சரம்

எங்கள் வம்சத்திலேயே விமானம் ஏறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா, இன்னொருத்தி நான். வேறு வீடாக இருந்தால் இதை வைத்தே ஊரெல்லாம் பெருமை அடித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலோ அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள், அப்பா தெருவுக்கு இறங்கிவிடுவார்.

அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரம் பின்னுகிறவர். ஒற்றை வெடிகளைத் திரியோடு திரி சேர்த்துச் சடை மாதிரி பின்னிக்கொண்டே போனால் அது சரவெடி. அப்பா பின்னிய சரம் நடுவில் மூச்சு வாங்காது என்று கம்பெனியில் சொல்வார்கள். ஒரு முனையில் தீ வைத்தால் மறுமுனை வரைக்கும் ஒரே சீராகப் போய்ச் சேரும்.

அதே அறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியவர்தான் சித்தப்பா. கூடப் பிறந்தவர் இல்லை. இலங்கைச் சண்டைக்குத் தப்பி, தனி ஆளாகப் படகேறி வந்து, எங்கள் ஊருக்குப் பக்கத்து அகதி முகாமில் இருந்தவர். வந்த புதிதில், கம்பெனியில் வெடியைக் கொளுத்திச் சோதிக்கும்போதெல்லாம் சுவரோரம் ஒடுங்கிவிடுவாராம். அப்பாதான் அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு வெடியாகக் கொளுத்த வைத்து அந்தப் பயத்தைப் போக்கினார். அது முதல் இருவரும் அண்ணன் தம்பி ஆனார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு அவருக்கு எங்கள் வீட்டில்தான். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவரும் அவரே.

அங்கே சண்டை நின்றிருந்த சமயத்தில் சித்தப்பா சொந்த ஊரான திருகோணமலைக்கே திரும்பிப் போனார். கொஞ்ச காலம் கழித்துத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் சண்டைக் காலம் முழுக்க ஊரைவிட்டு நகராதவர்கள். "எனக்கெண்டு இங்க ஒருத்தரும் மிச்சமில்லை அண்ணே. நீங்க வந்து நிண்டாத்தான் எனக்குக் கல்யாணம்" என்றாராம். அப்பா போனை வைத்துவிட்டு அங்கேயே அழுதார். பூத்துக்காரர் ஏதோ எழவுச் செய்தி என்று நினைத்து அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

என் தம்பி அப்போது கைக்குழந்தை. அம்மாவால் கிளம்ப முடியாது. "பிள்ளையவாச்சும் கூட்டிட்டுப் போங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரகன்னா ஒரு பொம்பளைப் பிள்ளை கூட இல்லாமலா போய் நிப்பீக?" என்றாள் அம்மா. இப்படியாக, நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டம் ஆனேன்.

திருச்சியில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து பஸ். வழி நெடுக மணல் மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள் நின்றார்கள். இருக்கன்குடித் திருவிழாவுக்கு நிற்கிற போலீஸ் மாதிரி இங்கேயும் ஏதோ திருவிழா என்று நான் நினைத்துக்கொண்டேன். வெம்பக்கோட்டை அணை நிறைந்தால் அதையே பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிற ஊர்க்காரி நான். திருகோணமலைக் கடலைக் கண்டதும் வாயடைத்துப் போனேன். அப்படி ஒரு நீலம். கடலுக்குள் நீண்ட பாறை, அதன்மேல் கோயில். தெருவில் ஆடு மாடு போல மான்கள் திரிந்தன.

"இம்புட்டு நல்ல ஊரை விட்டுட்டு சித்தப்பா எதுக்குப்பா நம்ம ஊருக்கு வந்தாக?" என்று கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

பெண் வீடு கடற்கரையை ஒட்டி இருந்தது. பெண்ணின் அம்மா எனக்குப் புட்டும் மீன்குழம்பும் பிசைந்து ஊட்டினார். அதிகம் பேசமாட்டார். இரண்டு ஆண் பிள்ளைகளைச் சண்டையில் பறிகொடுத்தவர் என்று சித்தப்பா அப்பாவிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. பந்தலடியில் பெண் வீட்டு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மாப்பிள்ளை பக்கம் அப்பாவும் நானும் மட்டும்.

அது அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தது. "மாப்பிள்ளைக்கு நாதியில்லன்னு ஒருத்தரும் சொல்லிரக் கூடாது தாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே சீனவெடி என்று சின்னச் சின்னச் சரங்கள் விற்றன. கடைக்காரர் ஒன்றைக் கொளுத்திக் காட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்று நின்று வெடித்தது. அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது, என்னவோ அவரே பின்னியது போல. இருந்த பொட்டலங்களை எல்லாம் வாங்கிவந்து, கரையில் கவிழ்த்திருந்த ஒரு படகுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்துப்போட்டுப் புதிதாகப் பின்ன ஆரம்பித்தார். இடையிடையே பெரிய வெடிகளையும் வைத்துக் கட்டினார். நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது, தாலி கட்டும்போது சித்தப்பா அசந்து போகணும் என்றார். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம். சித்தப்பா தாலியைக் கையில் எடுத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. வேலிக்குப் பின்னால் நின்ற அப்பாவுக்கு நான் கையைக் காட்டினேன்.

மூச்சு வாங்காத சரம் அது. ஒரே சீராகப் படபடவென்று சீறிக்கொண்டு போனது, நடுநடுவே பெரிய வெடிகள் இடித்தன. முதலில் நின்றது நாதஸ்வரம். அப்புறம் பந்தலில் இருந்த அத்தனை பேரும் தரையில் கிடந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது போல எல்லோரும் ஒரே மாதிரி குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்கள். தாலி கட்டும் நேரத்தில் இப்படிப் படுப்பதுதான் இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும், அது யார் பின்னல் என்பதும் தெரியும். தாலியைப் பிடித்தபடி வேலிப் பக்கம் பார்த்தார்.

அப்பா அந்தப் பார்வையைக் கண்டார். சரத்தின் மேல் ஏறி வெறுங்காலால் மிதித்தார். அவர் பின்னியது அணைகிற சரமா என்ன? கால் வெந்ததுதான் மிச்சம்.

சத்தம் ஓய்ந்து ஒவ்வொருவராக எழுந்தபோது பெண்ணின் அம்மாவைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால், பனங்கட்டைகளும் மணல் மூட்டைகளும் போட்டு மூடிய ஒரு பதுங்குகுழி இருந்தது. செத்துப்போன மகனின் பிள்ளைகள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு அவர் அதற்குள் போய்விட்டிருந்தார். மகள் கூப்பிட்டாள், சித்தப்பா கூப்பிட்டார், வரவில்லை. கடைசியில் அப்பா வெந்த காலோடு போய்க் குழி வாசலில் மண்டியிட்டார்.

"அம்மா, வெறும் வெடிம்மா. நான்தாம்மா கொளுத்துனேன். கல்யாணத்துக்கும்மா. வெளிய வாங்கம்மா."

உள்ளே இருந்து குரல் வந்தது. "தம்பி, வெளியில நிக்காதேங்கோ. கெதியா உள்ள வாங்கோ."

அவருக்கு அப்பா மேல் கோபமே இல்லை. அப்பாவையும் காப்பாற்றத்தான் கூப்பிட்டார். அதைக் கேட்டு அப்பா அழுத அழுகையை என்னால் எழுத முடியவில்லை.

முகூர்த்தம் தப்பிப்போனது. மத்தியானத்துக்கு மேல், மேளம் இல்லாமல், குழியைவிட்டு வராத பெற்ற அம்மாவும் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறியது. கட்டுகிறவர் கண்ணிலும் உயிர் இல்லை, குனிந்திருந்தவள் முகத்திலும் உயிர் இல்லை. அடுத்த நாள் சித்தப்பா எங்களை பஸ் ஏற்றிவிட வந்தார். "உங்களுக்கு என்ன தெரியும் அண்ணே, நீங்க பாவம்" என்று மட்டும் சொன்னார். நாலு அறை அறைந்திருந்தால் அப்பா தேறியிருப்பார்.

அதற்கப்புறம் போன் வரவில்லை. வரும் என்று அப்பா தினமும் வேலை விட்டதும் பூத்து வாசலில் போய் நின்றார். சில வருஷத்தில் அங்கே சண்டை மறுபடி மூண்டது. அந்தக் கரை என்ன ஆனது, அந்த வீடு இருக்கிறதா, யார் மிச்சம் என்று சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை. அப்பா சரம் பின்னுவதை விடவில்லை. வேறு வேலை தெரிந்தால் அல்லவா விடுவதற்கு.

நான் ஊர் திரும்பிய வாரமே தெருப்பிள்ளைகளுக்கு ஒரு புது விளையாட்டைக் கற்றுக் கொடுத்தேன். அதற்கு இலங்கைக் கல்யாணம் என்று பேர். ஒருத்தி பெண், ஒருத்தி மாப்பிள்ளை. வாழைநாரைத் தாலியாகத் தூக்கும்போது நான் வாயாலேயே சரம் கொளுத்துவேன். எல்லோரும் குப்புற விழுந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும். கடைசியாக விழுகிறவள் பெண்ணின் அம்மா, காலித் தொட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். தெருவே கெக்கலித்துச் சிரித்தது.

ஒரு சாயங்காலம் ஆட்டம் மும்முரமாக இருந்தபோது, காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வேலையிலிருந்து வந்த அப்பா எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். பிள்ளைகள் புழுதியில் குப்புறக் கிடந்தார்கள். அப்பா அப்படியே நடுத்தெருவில் முழங்கால் மடிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார்.

அப்பாவும் ஆட்டத்துக்கு வந்துவிட்டார் என்ற குதூகலத்தில், நான் முன்னைவிடப் பலமாகச் சரம் வெடித்தேன்.