நான்காம் பக்கத்துச் சாட்சி

எங்களுடையதையும் கம்பெனி என்றுதான் லைசென்ஸில் எழுதியிருந்தார்கள். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய ஏழெட்டு சந்துகளுக்கு நாங்கள்தான் இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் என் வீட்டுக்காரர், அவருடைய ஏணி, நான், மூன்று போன். அவர் ஒயர் இழுப்பார். நான் வீட்டில் உட்கார்ந்து புகார் கேட்பேன். நெட் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் தேதி, வீடு, கோளாறு எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் எழுதி, சரியானதும் கீழே கையெழுத்துப் போடுவேன். திருநெல்வேலிப் பக்கம் பன்னிரண்டாவது முடித்துக் கல்யாணமாகி வந்தவள் நான். கையெழுத்து இன்றும் தமிழில்தான், முழுப் பெயராக, கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து. என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து இந்தி ஸ்கூலில் படித்தவர், தமிழ் பேசுவார், படிக்க வராது. என் கையெழுத்தைப் பார்த்து ரயில் போகுது என்று கேலி செய்வார்.

சர்க்கார் கதவைத் திறந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று டிவியில் சொன்னதை நம்பி இறங்கியவர் அவர். கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே கால் வைக்கத்தான் இடமில்லை. ரோட்டைத் தோண்ட மனு கொடுத்தால் அந்த ஃபைல் எந்த மேஜையில் தூங்குகிறது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். கரண்ட் கம்பத்தில் ஒயர் கட்டுவதற்கு அனுமதி எங்களைப் போன்றவர்களுக்குக் குதிரைக் கொம்பு. செம்பூரில் ஒரு புதுக் கட்டடத்துக்குப் போய்க் கேட்டோம். ஒயர் போகிற குழாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஒரு பெரிய கம்பெனியிடம் கொடுத்திருந்தார்கள். மாட்டுங்காவில் ஒரு அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரட்டரி நல்ல தமிழில், மரியாதையாக, காபி கொடுத்து முடியாது என்று அனுப்பிவைத்தார்.

மிச்சம் இருந்தவை தாராவியின் மாடிகள்தான். ஒரு வீட்டு மாடி வழியாக ஒயர் போனால் அந்த வீட்டுக்கு நெட் இலவசம், இதுதான் எங்கள் சந்துகளில் வழக்கம். எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ரோட்டிலிருந்து வரும் மெயின் லைன் முதலில் ஏறுவது மூலை வீட்டு மாடியில். அங்கே வைத்திருந்த பெட்டியிலிருந்துதான் மற்ற எல்லாச் சந்துக்கும் பிரியும். ஒரு பக்கம் பெரிய சாக்கடை, மறுபக்கம் தகர வேலி போட்ட கட்டட வேலை. அந்த மாடியை விட்டால் எங்கள் லைன் உள்ளே வர வேறு வழியே இல்லை.

மூலை வீட்டு அக்கா தனியாள். புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. கீழ்வீட்டைத் தோல் பை தைக்கிற பட்டறைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மேலே இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன், ஸ்கூல், பேங்க் என்று சந்தில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

ஒரு மத்தியானம் அக்கா ஒரு ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பெரிய கம்பெனி அவர் மாடியில் பெட்டியும் சின்ன டவரும் வைக்கப் போகிறதாம், மாசா மாசம் வாடகை தருமாம்.

"ஏட்டி, இதுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லு. நீ சரின்னு சொன்னா நான் கைநாட்டு வைக்கேன்" என்றார்.

நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். முதல் பக்கத்தை நிதானமாகப் படித்துச் சொன்னேன். இரண்டாவதைப் புரட்டும்போது போன் அடித்தது. அன்றைக்கு ஒரு சந்து முழுக்க லைன் போயிருந்தது, மூன்று போனும் மாறி மாறிக் கத்தின. மீதியெல்லாம் எல்லோருக்கும் போடுகிற வரிகள்தான் மேடம் என்று ஏஜென்ட் இந்தியில் சொன்னான். அந்த மேடம் எனக்குப் பிடித்தும் இருந்தது. மாடி பெரிசு, அவர்களும் பிழைக்கட்டும், அக்காவுக்கும் நாலு காசு வரட்டும் என்று நினைத்தேன். நல்லதுதான்க்கா, வையுங்க என்றேன். அக்கா கட்டைவிரலை அழுத்தினார். படித்துக் காட்டியதற்குச் சாட்சி என்று இருந்த இடத்தில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே நான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மாடியில் கம்பெனியின் பெட்டி ஏறியது. கூட வந்த சூப்பர்வைசர் என் வீட்டுக்காரரிடம், பதினைந்து நாளில் உங்கள் ஒயர்களை எடுத்துவிடுங்கள் என்றார். இந்த மாடியில் வேறு யாருடைய ஒயரும் இருக்கக் கூடாது என்று நான்காம் பக்கத்தில் இருக்கிறது, வீட்டுக்கார அம்மாவுக்குச் சாட்சி வைத்துப் படித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்கினோம் என்றார்.

என் வீட்டுக்காரர் அக்காவைத் திட்டவில்லை. படிக்கத் தெரியாத மனுஷியை என்ன சொல்ல என்றார். படித்துக் காட்டியவனைத்தான் உட்கார்ந்தால் எழுந்தால் திட்டினார். எவனோ கம்பெனி ஆள்தான், கையில் சிக்கினால் காலை உடைப்பேன் என்றார். நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். அவர் இல்லாத நேரம் பார்த்து அக்கா வந்தார். "நான் உன் பேரச் சொல்லல, கேட்டியா. யாரு படிச்சான்னு ஞாபகம் இல்லன்னுட்டேன்" என்றார். என் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

பதினோராம் நாள், திங்கட்கிழமை, சர்க்கார் ஆபீசில் இந்த மாதிரிப் புகார் கேட்கிற அதிகாரியிடம் போனோம். காகிதத்தைப் படிக்க நான் வேண்டும் என்று என்னையும் அவர் கூட்டிக்கொண்டு போனார். கம்பெனி சார்பில் ஃபைலோடு வந்தவர் வேறொருவர், அன்று வந்த ஏஜென்ட் இல்லை. நல்ல காலம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதிகாரி மராத்திக்காரர், பொறுமையாகக் கேட்டார். அவர்களிடம் காகிதம் இருக்கிறது, உங்களிடம் எதுவும் இல்லை, நான் என்ன செய்ய என்றார். ஒரே ஒரு வழி இருப்பதாகவும் சொன்னார். இந்தச் சாட்சி வந்து, நான்காம் பக்கத்தை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தால், வேலையை நிறுத்தி இரண்டு தரப்பையும் மறுபடி விசாரிக்கலாம். ஃபைலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மதராஸி எழுத்தாக இருக்கிறது, யாருடையது தெரியுமா என்று கேட்டார்.

கைநாட்டுக்குப் பக்கத்தில் வால் நீண்ட என் பெயர் இருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"பத்தா நஹீ, சாப்" என்றார்.

தெரியாதாம். அவருக்குத்தான் தமிழ் படிக்க வராதே, அடையாளம் தெரிந்திருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சாட்சி கிடைத்தால் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அதிகாரி ஃபைலை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பரணில் இருந்த புகார் ரெஜிஸ்டர்களையெல்லாம் இறக்கியதுதான். சாயங்காலம் பழைய பேப்பர்காரன் வந்தபோது விலை பேசாமல் கட்டோடு தூக்கிக் கொடுத்தார். அன்றாடம் நான் எழுதிக்கொண்டிருந்த ரெஜிஸ்டரும் அதில் இருந்தது. இன்னும் நாலு நாள் தொழில் இருக்கிறதே, இதை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாப் பக்கத்துலயும் ரயில் போகுது. இது நம்ம வீட்ல இருக்க வேண்டாம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது, அந்த அதிகாரியின் ஆபீசுக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். தினமும் காலையில் நல்ல புடவை கட்டினேன், தினமும் மத்தியானம் அவிழ்த்து மடித்து வைத்தேன். சாட்சி நான்தான் என்று எழுதிக் கொடுத்தால் சந்து முழுக்கத் தெரிந்துவிடும், இனி யாரும் என்னை நம்பிக் காகிதம் கொண்டு வர மாட்டார்கள் என்று பயந்தேன். காரணம் அவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

இப்போது அவர் விடியற்காலை ரயிலில் கல்யாணுக்குப் போய் வேறொருவனுக்கு ஒயர் இழுக்கிறார். எங்கள் சந்துகளில் நெட் போனால் ஒரு மெஷினிடம் முறையிட வேண்டும், அது ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்கிறது. பெண்கள் இன்னமும் என்னிடம்தான் காகிதம் கொண்டு வருகிறார்கள். கடைசி வரி வரை படிக்கிறேன், அவர்கள்தான் அவசரப்படுகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூலை வீட்டு மாடியில் அவரேதான் ஏறி மெயின் லைனை அறுத்தார். ஒயர் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. கீழே நின்று அதைச் சிக்கல் விழாமல் சுருட்டி வைத்தவள் நான்.