சொல்லாமல் போன மூன்றாவது பயணம்: புளியம்பட்டிப் பள்ளியில் வைரஸ் தேடி

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் போய்வந்த பயணம் இது. எழுத உட்காரும்போது மாசி பிறந்துவிட்டது. முதலில் பாப்பாவுக்குச் சளி, அது முடிந்ததும் எனக்கு. கோயம்புத்தூரிலிருந்து வெளியூர்ப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலையாகப் போகிறவர்கள், அதிலும் கைக்குழந்தையோடு போக நேர்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் என் அளவுக்கு அலைய வேண்டியிருக்காது.

நான் வேலை பார்ப்பது காந்திபுரத்தில் ஒரு சின்ன நிறுவனம். புளியம்பட்டியைத் தாண்டி ஒரு பள்ளியில் ஒரு சர்வர், அதோடு இணைத்த பதினாறு கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் ஆன்டிவைரஸ் போட்டுக்கொடுப்பது என் பொறுப்பு. டிசம்பரில் போய்ப் போட்டேன். சாயங்காலம் பதினாறும் சுத்தம். மறுநாள் காலை போன்: ஆறேழு திரைகளில் சிவப்பு எச்சரிக்கையாம். இரண்டாவது முறை போனேன். பள்ளியில் இருந்த பிளாப்பிகளை எல்லாம் வாங்கிச் சோதித்து, திரும்பச் சுத்தம் செய்து வந்தேன். மறுநாள் காலை மறுபடியும் போன்.

பள்ளியின் தாளாளர் எங்கள் முதலாளியிடம், "அந்தம்மா கொண்டு வர பிளாப்பிலயே வைரஸ் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தடவையும் ஆகலைன்னா நீங்க ஊட்டுல இருந்து கொழந்தையப் பாருங்கம்மா. நான் வேற ஆளப் போட்டுக்கறேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

என் பிளாப்பியையே முதலில் சந்தேகப்பட்டேன். மூன்று கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்தேன், சுத்தம். அடுத்த சந்தேகம் அங்கே கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் தெய்வானை மிஸ் மேல். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டு முறையும் நான் போய்ச் சேரும்போது எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன. சர்வர் தலையில் மல்லிகைச்சரம், மேசையில் எனக்குக் காபி. வேலைக்கு வந்தவளுக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு? எதையோ ஒளிக்கிறார்கள் என்றே மனதில் பட்டது. அதனால் மூன்றாவது முறை யாருக்கும் சொல்லாமல் போவதென்று முடிவு செய்தேன். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்டு. ஒன்றரை வயதுப் பாப்பாவையும் தூக்கிக்கொண்டேன்.

காந்திபுரத்தில் காலை ஆறு மணிக்குச் சத்தியமங்கலம் பஸ். அன்னூர் வழிதானா என்று கேட்டு ஏறுங்கள். மேட்டுப்பாளையம் சுற்றிப் போவதில் ஏறினால் அரை நாள் போய்விடும். புளியம்பட்டி நாற்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் எட்டு ரூபாய். இடது பக்க ஜன்னல் பிடியுங்கள், காலை வெயில் வலது பக்கம் அடிக்கும். கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை, ஆனால் கண்டக்டரின் கிண்டல் உண்டு.

"ஏனுங்க அம்மணி, பையில என்னங்க, கல்லா?"

"கம்ப்யூட்டர் சாமானுங்க. மேல வெக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும்."

"அப்ப கொழந்தைய மேல வெச்சரலாமுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நான் பையையும் பாப்பாவையும் இன்னும் இறுக்கிக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா நீட்டிய பிஸ்கட்டையும் வாங்கவில்லை. அவர் முகம் சுருங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று நான் யாரையும் நம்புகிற நிலையில் இல்லை.

புளியம்பட்டியில் இறங்கியதும் ஆட்டோ. மூன்று கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

"டாக்டருங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

"இல்லீங்க. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு வைரஸ். அதப் பாக்க வந்தேன்."

"கம்ப்யூட்டருக்கு ஊசி போடறதுக்குக் கொழந்தையத் தூக்கிட்டு வந்தீங்களாக்கும்!" கொஞ்ச தூரம் போனபின் அவரே தொடர்ந்தார். "மில்லுக்காரரு பள்ளிக்கூடமுங்க அது. அவருகிட்டப் பாத்துப் பேசுங்க. கோவம் வந்துச்சுன்னா மூணு நாளைக்கு இருக்கும்."

பள்ளிக்கு ஒட்டினாற்போல் ஜின்னிங் மில், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இடம். தை மாதம், பருத்தி வரும் காலம். வேலிக் கம்பி, வேப்பமரம், சைக்கிள் சீட்டு, எங்கே பார்த்தாலும் வெள்ளையாகப் பஞ்சு. பாப்பா தும்மினாள். முந்தானையால் அவள் முகத்தை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போகாமல் நின்று பார்த்தேன்.

தெய்வானை மிஸ் அப்போதுதான் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். திரை கறுப்பாகி, ஏதோ இரண்டு வரி வந்து நின்றது. டிரைவிலிருந்து ஒரு பிளாப்பியை வெளியே இழுத்தார், விசையைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. அடுத்ததிலும் அதே. அடுத்ததிலும் அதே. இடது கையில் பிளாப்பிகள் சீட்டுக்கட்டுப் போல ஏறிக்கொண்டே வந்தன. நான் போன முறை வாங்கிச் சோதித்த பெட்டியில் இவை இல்லை. பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

என்னைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, வாரேன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்கள்ல! எல்லாத்தையும் எடுத்து வெச்சு, போட்டு வெச்சிருப்பனே. காபிகூடச் சொல்லலையே!"

"காபி இருக்கட்டுங்க மிஸ். கையில என்னங்க அது?"

"இதுங்களா? ஒண்ணுமில்லீங்க. பஞ்சு உள்ள போகாம இருக்க ராத்திரிக்கு வாயில சொருகி வெக்கறதுங்க."

"இருக்கற பிளாப்பி எல்லாம் குடுங்கன்னு அன்னிக்குக் கேட்டனே?"

"அது பசங்க பாடம் எழுதற பிளாப்பிங்க. இதெல்லாம் கெட்டுப்போனதுங்க. பஞ்சை அடைக்கறதுல போயி என்ன வைரஸ் பாக்கறதுங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. இதை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: பிளாப்பி உள்ளே இருக்கும்போது கம்ப்யூட்டரைப் போட்டால், அது முதலில் பிளாப்பியைத்தான் படிக்கும். சில வகை வைரஸ் அதன் முதல் பக்கமான பூட் செக்டரிலேயே உட்கார்ந்திருக்கும். 'இந்த பிளாப்பி உதவாது, எடுத்துவிட்டு விசையை அழுத்து' என்று திரை சொல்வதற்குள் அது உள்ளே இறங்கியாயிற்று. நான் போட்ட ஆன்டிவைரஸ் அதற்குப் பிறகுதான் விழிக்கும். நான் வரும் நாட்களில் மரியாதைக்காக எல்லாவற்றையும் முன்பே எடுத்துவைத்துப் போட்டுவைத்ததால், கம்ப்யூட்டரைப் போடுகிற அந்த ஒரு நிமிடம் என் கண்ணில் படவே இல்லை.

பதினாறையும் சோதித்தேன். ஒன்பதில் வைரஸ்.

"இப்படிச் சொருகச் சொன்னது யாருங்க மிஸ்?"

அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நானேதானுங்க." குரலே சரியில்லை. நம்பவில்லை, ஆனாலும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். எழுத முடியாதபடி பூட்டிய என் சுத்தமான பிளாப்பியிலிருந்து ஒவ்வொன்றையும் எழுப்பி, வைரஸை நீக்கி, இனிமேல் முதலில் ஹார்டு டிஸ்கையே படிக்கும்படி அமைப்பை மாற்றினேன். மிஸ் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டே நோட்டு அட்டையை வெட்டிப் பதினாறு அடைப்புகள் செய்தார். பாப்பா அவர் தோளிலேயே தூங்கிவிட்டாள். மதியம் பன்னிரண்டரைக்கு எல்லாம் சுத்தமாகி, நெட்வொர்க்கும் ஓடியது.

அப்போது தாளாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பஞ்சு.

"ஏனுங்க அம்மணி, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க? திருடனப் புடிக்கவா?"

"ஆமாங்க. புடிச்சுட்டனுங்க."

"உங்க பையிலதான இருப்பான்?"

வாய்ப்பேச்சு உதவாது என்று தெரிந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் அமைப்பைப் பழையபடி மாற்றினேன். அதில் வைரஸ் இல்லை என்று திரையில் வந்ததை அவரையே படிக்கச் சொன்னேன். மிஸ்ஸின் பிளாப்பிக் கட்டிலிருந்து ஒன்றை அவரையே சொருகவைத்து, கம்ப்யூட்டரைப் போட்டு, எடுத்துவிட்டு விசையை அழுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. என் பை அறையின் அந்த மூலையில் இருந்தது.

அவர் திரையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். மிஸ் தலையை நிமிர்த்தவில்லை.

"நாந்தானுங்க சொன்னேன்," என்றார் தாளாளர். "மில்லுல ராத்திரி மெஷினு நின்னுதுன்னா வாயில துணி வெச்சு அடைச்சுப்போட்டுத்தான் போவோம். இதும் மெஷினுதானேன்னு... கெட்டுப்போன பிளாப்பி அளவாப் பொருந்துச்சுங்க."

தன் அறைக்கு அழைத்துப் போய், என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டார். "ஆமாங்க, செரியாயிருச்சுங்க. ஒண்ணுமில்லீங்க, பஞ்சுத் தூசி பிரச்சனை." அவ்வளவுதான். வைக்கப் போனார்.

தூசியைக் கண்டுபிடிக்க மூன்று பயணமா என்று முதலாளி கேட்பார். என் பிளாப்பி மேல் விழுந்த பழியும் அப்படியே இருக்கும். கோபம் வந்தாலும் வரட்டும் என்று கையை நீட்டினேன். "கொஞ்சம் குடுங்க."

"சார், தூசி இல்லீங்க. பூட் செக்டர் வைரஸ். டிரைவை அடைக்க வெச்சிருந்த பழைய பிளாப்பில இருந்து. என் பிளாப்பி சுத்தமுங்க, தாளாளர் கையாலயே சோதிச்சுப் பாத்தாருங்க." யார் அடைக்கச் சொன்னது என்று சொல்லவில்லை. தாளாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, திங்கக்கெழம வாங்க," என்றார் முதலாளி.

"வேலைக்குங்களா சார், கணக்கு முடிக்கவா?"

"வேலைக்குத்தாம்மா."

தாளாளர் பார்வையைத் திருப்பி, ஆளனுப்பி ஆட்டோ சொன்னார். அது வருவதற்குள் அந்த ஒரு கம்ப்யூட்டரையும் மறுபடி சுத்தம் செய்து, அமைப்பை மாற்றினேன். இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: பாப்பாவுக்குத் தண்ணீரும் சோறும் கையோடு கொண்டு போங்கள், புளியம்பட்டியை விட்டால் பள்ளி வரை கடை கிடையாது. பஞ்சுக் காலத்தில் மூக்கை மூட மெல்லிய துணி ஒன்று. பிளாப்பிகளைக் கேட்டு வாங்குவதோடு நிற்காமல் டிரைவுகளையும் திறந்து பாருங்கள். உபசாரம் செய்கிறவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தினமும் எப்படிப் போடுவார்களோ அப்படியே உங்கள் எதிரில் போடச் சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நேற்றுக் காலையும் தெய்வானை மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். "ஒண்ணுமே இல்லீங்க, சுத்தமா இருக்குதுங்க," என்றார்.

"பக்கத்துல யாராச்சும் நிக்கறாங்களா மிஸ்?"

"இல்லீங்க. நான் மட்டுந்தானுங்க."

அதன் பிறகுதான் போனை வைத்தேன்.