சந்தனம் பூசிய மணிக்கூடு

தம்பி சுவிஸிலிருந்து அந்தக் கைமணிக்கூட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கச்சேரியில் அரசாங்கக் கோப்புகளோடு வேலை செய்யும்போது வீட்டு அலுமாரி ஞாபகத்துக்கு வரும். வீட்டில் இருக்கும்போது அலுமாரியைப் பூட்டிய திறப்பு எங்கே என்று மனம் அடித்துக்கொள்ளும். திறப்பு என் தாலிக்கொடியில் ஊசியோடுதான் தொங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் தடவிப் பார்ப்பேன். பக்கத்து மேசைக்காரி, நெஞ்சு நோகிறதா என்று கேட்டாள். இல்லையென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்து, மாடு தண்ணீர் குடித்ததா என்று அம்மாவிடம் விசாரித்தேன். நான் மாட்டைப் பற்றிக் கேட்கிற ஆள் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அது காசைக் கொடுத்தால் கிடைக்கிற சாமான் அல்ல. அதுதான் அதிலுள்ள வேடிக்கை. தம்பி அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சமையல்காரன். அவன் இருக்கும் பட்டினத்தில் ஏரிக்கரையோரம் ஒரு மணிக்கூட்டுக் கடை. காசைச் சேர்த்துக்கொண்டு, சிநேகிதனின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறான். கண்ணாடிக்குள் ஒன்று இருந்ததாம், ஆனால் அது பார்க்க மட்டும்தானாம். பெயரைத் தந்துவிட்டுப் போங்கள், வந்தால் அறிவிப்போம் என்றார்களாம். அப்படியே வருடங்கள் போயின. சும்மா காத்திருந்தால் கூப்பிட மாட்டார்கள், கடைக்குப் பழக்கப்பட்ட ஆளாக வேண்டும், வேறு ஏதாவது வாங்கி அவர்களின் மனதைக் குளிரப் பண்ண வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் தனக்குத் தேவையில்லாத ஒரு பெண்கள் மணிக்கூட்டை வாங்கியிருக்கிறான்.

அந்தப் பெண்கள் மணிக்கூடு இப்போதும் என் கையில்தான் இருக்கிறது. அக்காவின் நினைவு வந்து அனுப்பினான் என்று கச்சேரி முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். கதை தெரிந்த அன்றைக்கு அதைக் கழற்றி மேசையில் போட்டேன். பிறகு, நேரம் பார்க்க வேண்டுமே என்று நானே எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கடைக்குள் அதற்கு ஒரு விலை. வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அதற்கு வேறொரு விலை. பட்டியலில் நின்று பொறுமை கெட்டவர்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்கக் காத்திருப்பார்களாம். ஆனால் அது கையில் கட்டாததாக இருக்க வேண்டும். உறைபோல ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உரியக்கூடாது. பெட்டியும் அட்டையும் தொங்கும் துண்டும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே விற்றால் கடைக்காரன் மோப்பம் பிடித்து, இனி உனக்கு ஒன்றும் இல்லையென்று பெயரை வெட்டிவிடுவான். இங்கே டொலர் இல்லாமல் இறக்குமதியை மூடிவைத்த காலத்திலிருந்து கொழும்புப் பணக்காரர்களுக்கு இந்தச் சாமானில் பைத்தியம் கூடியிருக்கிறது. அதனால்தான் அதை எங்கள் உருத்திரபுரம் வரைக்கும் கொண்டுவந்தான்.

இதெல்லாம் எதற்கு என்றால், பக்கத்து வயலுக்கு. எங்கள் வயலும் அதுவும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற நிலம். வயல்காரர் வவுனியாவில் மகளோடு போய் இருக்கப் போகிறார். விற்பதானால் முதலில் உங்களுக்குத்தான், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிற வைகாசி முடியும் மட்டும் பொறுத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். தம்பியின் சேமிப்பு முழுவதும் அந்த மணிக்கூட்டுக்குள் இருந்தது. மேலே கிடைக்கிற விலையையும் சேர்த்தால்தான் வயல் வாங்கக் காசு காணும். போன வருடம் அவனே போனில் சொன்னான்: "அந்த வயல் கைக்கு வந்தா நான் வந்திடுவன் அம்மா. அங்க இருந்தது இனிக் காணும்." அம்மா அன்றிலிருந்து அந்த ஒரு வசனத்தில்தான் உயிர் வாழ்ந்தார். அவனுக்கென்று பின்பக்கத்து அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்தார். நான் அம்மாவுக்குக் குறைந்தவள் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் என் மனுசன், தம்பி என்ற இருவரில் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அம்மாவோடு தனியாக மல்லுக்கட்டி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

பொங்கலுக்கென்று வந்தவன் முதல் நாளே பெட்டியைத் திறந்து காட்டினான். நானும் அம்மாவும் குனிந்து பார்த்தோம். முள் அசையவில்லை. ஓடவில்லையே என்று அம்மா பதறினார். கையில் கட்டி நடமாடினால்தான் அது ஓடும், கழற்றி வைத்தால் நின்றுவிடும் என்று அவன் விளங்கப்படுத்தினான்.

"கட்டாத மணிக்கூட்டுக்கு ஏன் ராசா இவ்வளவு காசு?"

"கட்டாததாலதானம்மா காசு."

அம்மா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எரிவாயுவுக்கு நாங்களும்தான் வெயிலில் வரிசை கட்டி நின்றோம். அடுப்பில் வைத்து எரிக்கவே நின்றோம். கிடைத்த சிலிண்டரைப் பொலித்தீன் பிரிக்காமல் அலுமாரியில் பூட்டி வைக்க யாரும் நிற்கவில்லை. இதைச் சொன்னேன். உங்களுக்கு இந்த வியாபாரம் விளங்காதென்றான்.

கொழும்பிலிருந்து வாங்குகிறவர் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் தம்பி போனும் கையுமாக முற்றத்தில் நடந்தான். அந்த மணிக்கூட்டின் விலை பங்குச்சந்தை மாதிரி ஏறி இறங்குமாம். இன்றைக்கு ஏறிவிட்டது என்பான், அடுத்த நாள் இறங்கிவிட்டது என்பான். அவனைப் பார்த்து நானும் என் போனில் தேடத் தொடங்கினேன். பாதி வேலையில் எழும்பி விலை பார்ப்பேன். ஏறியிருந்தால் அம்மாவுக்குச் சொல்வேன், அம்மா சாமியறைக்குப் போய்க் கற்பூரம் கொளுத்துவார். ஒன்றை மட்டும் நான் கண்டேன். விலை இறங்கிய நாள்களில் தம்பி நன்றாகச் சாப்பிட்டான். ஏறிய நாள்களில் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினான். ஆசையில் வயிறு அடைக்கிறதென்று நினைத்துக்கொண்டேன்.

வயலைப் போய்ப் பார் என்று அவனை நச்சரித்தேன். ஒரு முறை போனான். சப்பாத்தோடு வரம்பில் நின்று அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, வெயில் மண்டையைப் பிளக்குதென்று திரும்பி வந்துவிட்டான். வற்றாப்பளைக்குக் கூட்டிப்போனபோதும் சனத்துக்குப் பயந்து வெளியே ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். பழக்கம் விட்டுப்போச்சு, போகப்போகச் சரியாகும் என்று அம்மாதான் அவனுக்காகக் கதைத்தார்.

வெள்ளிக்கிழமை அவன் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவனைப் பார்க்க முல்லைத்தீவுக்குப் போனான். நான் வேலைக்குப் போனேன். திறப்பு என் கழுத்தில் இருந்தது. ஆனால் அந்த அலுமாரி அம்மாவின் சீதனம். அதற்கு இன்னொரு திறப்பு உண்டு, அது சாமியறையில் விபூதித் தட்டுக்குக் கீழே கிடக்கும் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

பின்னேரம் வந்தபோது விறாந்தை மேசையில் ஒரு வெற்றிலை இருந்தது. வெற்றிலைக்கு மேல் மணிக்கூடு இருந்தது. பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக், மடித்து, பறக்காமலிருக்க எலுமிச்சம்பழத்தால் பாரம் வைக்கப்பட்டிருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த உழவு இயந்திரம், என் ஸ்கூட்டி, தண்ணீர்ப் பம்பி, எல்லாம் பிள்ளையாரிடம் போய்ச் சந்தனம் வைத்த பிறகுதான் வேலை தொடங்கும். வாழ்க்கையையே இந்த மணிக்கூடுதான் திருப்பப் போகிறது என்று நானும் தம்பியும் அம்மாவின் காதில் ஓதி ஓதி வைத்திருந்தோம். அதைக் கொண்டுபோகாமல் அம்மா வேறு எதைக் கொண்டுபோவார்? ஐயர் தம்பியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்திருக்கிறார். உறைக்கு மேல் சந்தனம் வைத்துப் பலனில்லை, கழற்றுங்கோ அம்மா என்றாராம். கழற்றி, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், பூட்டில் சந்தனமும், பட்டியில் சிவப்பு நூலும். வீட்டுக்கு வந்து பார்த்தபோது சந்தனம் பட்டியின் இடுக்கெல்லாம் காய்ந்துபோயிருந்திருக்கிறது. அழுக்காக இருந்தால் வாங்க வருகிறவர் குறை சொல்வாரே. அம்மா குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி பழப்புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய்த் தும்பால் நன்றாகத் தேய்த்திருக்கிறார். மணிக்கூடு மினுங்கியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பட்டி முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல்.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டில்லை. என்னென்ன சொன்னேன் என்று எழுத விரும்பவில்லை. வேலியருகே ஆட்கள் வந்து நிற்கிற அளவுக்குக் கத்தினேன். அம்மா அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்து மணிக்கூட்டின் மேல் வைத்துப் பார்த்தார். திரும்ப ஒட்டலாம் என்று நினைத்தார்போல. அது ஒட்டவில்லை. பிறகு சொன்னார்:

"அவன் வந்திடவேணும் எண்டுதானே பிள்ளை செய்தனான்."

நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

தம்பி பொழுதுபடுகிற நேரம் வந்தான். நான்தான் சொன்னேன். அவன் மணிக்கூட்டைக் கையில் எடுத்து, திருப்பி, நூலை நிமிண்டி, மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றார். அவன் கதிரையில் சாய்ந்து காலை நீட்டிவிட்டு, தேத்தண்ணி கேட்டான். வந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சாய்ந்து இருந்ததை நான் காணவில்லை. நல்ல மனம் என்று நினைத்தேன். வேறு ஒருவனாக இருந்தால் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பான்.

திங்கட்கிழமை கொழும்புக்காரர் காரில் வந்தார். கண்ணில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு விறாந்தை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். இடுக்கில் இருந்த மஞ்சளை நகத்தால் எடுத்து, இது என்னவென்று கேட்டார். சொன்னோம். சிரித்துவிட்டார். இனி இதைப் புதிது என்று விற்க முடியாது, பேசிய விலை தர மாட்டேன் என்றார். ஆனாலும் நாட்டில் இந்தச் சாமான் இல்லை, கேட்டு நிற்கிறவர்கள் நிறைய, மெருகு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு விலை சொன்னார். நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். தம்பி கடையில் கொடுத்ததைவிட அது அப்போதும் கூடத்தான். குறைகிறதற்கு என் காப்புகளை அடகு வைத்தால் வயல் எங்களுக்கு. அம்மாவைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று தலையாட்டினேன்.

தம்பி சொன்னான்:

"இல்லை. விக்கிறேல்லை."

கொழும்புக்காரர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். தம்பி அசையவில்லை. சாமிக்கு வைத்த சாமான், இனி விற்பது சரியில்லை என்றான். வந்ததிலிருந்து சாமியறைப் பக்கம் எட்டியும் பாராதவன். கொழும்புக்காரர் மனம் மாறினால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மகன் பிள்ளையாருக்கு இவ்வளவு பயந்தவனா என்ற பெருமையும் அதற்குள் இருந்தது.

நான் அவனுக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனேன். வயல் என்ன மாதிரி என்று கேட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அடுத்தமுறை பாப்பம் அக்கா. திரும்பக் கடையில பேர் குடுத்திருக்கிறன்."

"எப்ப குடுத்தனீ?"

அவன் துவாயால் முகத்தைத் துடைத்தான். நேரமெடுத்துத் துடைத்தான்.

"இங்க வாறதுக்கு முதல்."

இங்கேயே இருக்க வருகிறவன் அங்கே எதற்குப் பட்டியலில் பெயர் கொடுக்கிறான்? இத்தனை நாளும் நான் பயந்து பயந்து திறப்பைத் தடவியது அது தொலைந்துவிடும் என்று. அவன் பயந்தது அது விற்றுப்போய்விடும் என்று. சோற்றை அளைந்ததும், வரம்பில் சப்பாத்தோடு நின்றதும், வெள்ளிக்கிழமை கதிரையில் சாய்ந்ததும் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின. அம்மா அவனை இங்கே நிறுத்தத்தான் தும்பால் தேய்த்தார். அவனுக்கு அது விடுதலையாகப் போய்விட்டது. எனக்கு அவன் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புறப்படுகிற நாள் அவன் அந்த மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு சாப்பிட வந்தான். சிவப்பு நூலும் அப்படியே இருந்தது. கையில் ஏறியதும் அது ஓடத் தொடங்கியிருந்தது. அவன் முள்ளைத் திருகி நேரம் வைத்ததை நான் கண்டிருந்தேன். அம்மா சோறு போட வந்தவர், முள் ஓடுவதைக் கண்டு சந்தோசப்பட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பவும் அவன் கையைப் பார்த்தார்.

"இது நல்லாப் பிந்திக் காட்டுது ராசா. நான் தேய்ச்சதாலையோ?"

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். டவுனில் மணிக்கூடு திருத்துகிறவர் இருக்கிறார், போகும் வழியில் காட்டிவிட்டுப் போகலாம், காசு நான் தாறன் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பழுதில்லையம்மா. அது சுவிஸ் நேரம்."

அம்மா கொஞ்ச நேரம் அவன் கையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு கையை விட்டுவிட்டு, குழம்பு எடுத்துவர குசினிக்குள் போனார்.