ஓடர் தாளில் ஓடிய படம்

அது 2010 என்று உறுதியாகச் சொல்வேன். வன்னியிலிருந்து தப்பிய சின்னம்மா பாரிஸில், லா சப்பலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வருடம். எனக்கு எட்டு வயது. அகதி விசாரணைக்கு அவரை அழைத்திருந்தார்கள். நடந்ததைத் தன் வாயால் சொல்லாவிட்டால் கேஸ் நிற்காது என்று அப்பா ஓயாமல் நினைவூட்டுவார். சின்னம்மா "ஓம்" என்பார். எழுந்து ஜன்னலுக்குப் போவார், குசினி அடுப்படிக்குப் போவார், மறுபடி ஜன்னலுக்கு வருவார். அவர் ஓரிடத்தில் அமர்ந்திருந்து நாங்கள் பார்த்ததில்லை.

அண்ணைக்கும் எனக்கும் வேறு அவசரம். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. தொலைக்காட்சியில் ஜப்பானியக் கார்ட்டூன்கள் ஓடும். அவற்றுக்கெல்லாம் வழி திறந்த கலைஞர் ஒருவரைப் பற்றி நூலகத்தில் படித்த நாளிலிருந்து அண்ணை அவருடைய பன்னிரண்டு வயதுச் சீடர். அப்பா வேலைசெய்த உணவகத்தின் ஓடர் எழுதும் தாள்கட்டில், தாளுக்குத் தாள் படத்தைக் கொஞ்சம் மாற்றிக் கீறி விரலால் விசிறினால், ஆட்கள் ஓடுவார்கள்.

ஒரு புதன்கிழமை, "என்ன கீற, சின்னம்மா?" என்று கேட்டேன்.

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "ஒரு பொம்பிளை ஓடட்டும். கையிலை ஒரு பொடியன்."

நான் கீறக் கீறத் திருத்தினார். "இன்னும் குனிஞ்சு. ஷெல் விழுதெல்லே." தாள்கட்டின் பாதியில், "இதிலையிருந்து பொடியனைக் கீறாதை" என்றார்.

அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "மே நோன், அப்பிடியில்லை, சின்னம்மா! ஆள் திடீரெண்டு மறைய ஏலாது. விழவேணும், இல்லாட்டி ஓரத்தாலை வெளியிலை போகவேணும். அதுதான் றூல்."

"கை வழுகினது. திரும்பிப் பாக்கேக்கை ஆளில்லை."

"அப்ப எங்கை போனவன்?"

"தெரியாது."

"கதை சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னார் அண்ணை.

வேலைக்குப் புறப்பட்ட அப்பா கழுத்துத்துணியோடு கதவடியிலேயே நின்றார். "இதைத்தான் அங்கையும் சொல்லவேணும், பிள்ளை" என்றார் சின்னம்மாவிடம், மிகவும் மெதுவாக.

இதற்குள் நான் றூலின்படி கீறி முடித்திருந்தேன்: பொடியன் கையை விட்டுத் தாளின் ஓரத்தால் நடந்து வெளியேறினான். சின்னம்மா விசிறிப் பார்த்தார்.

"எங்கை போறான்?"

"வெளியாலை. தாள் முடிஞ்சுது. இன்னும் தாள் இருந்தா திரும்பி வருவான்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். மறுபடி விசிறினார்.

விசாரணையில் சின்னம்மா பேசினார். இங்கே இருக்க அனுமதியும் கிடைத்தது. பின்னாளில் நானும் அந்தக் கலைஞரைப் பற்றி வாசித்தேன். குறைந்த படங்களே போதும், இடையில் விடுபட்டதைப் பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்ளும் என்று நம்பி வேலைசெய்தவராம்.

சின்னம்மாவுக்கு ஒரு மகன் இருந்ததை எங்களுக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் புதன்கிழமை பின்னேரம்வரை அவர் கதிரையை விட்டு எழும்பாமல் அந்தத் தாள்கட்டை விசிறிக்கொண்டே இருந்தார். படம் அவ்வளவு நன்றாக வந்துவிட்டது என்று நினைத்து, அண்ணையைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன்.