படத்தில் நாலாவது ஆள்

எனக்குப் படம் பிடிக்கத் தெரியும். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்க நிற்கும் சனத்திலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்பவர்வரை, நான் கமராவைத் தூக்கினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு நேரம் அங்கேயே கிடந்து, கதைத்து, தேத்தண்ணி குடித்து, அவர்களுக்கு என்னை அலுக்க வைத்துவிடுவேன். அலுத்த பிறகுதான் மனிதர் மனிதராக இருப்பார்கள்.

அதனால்தான் ஆசிய நகரங்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தில் கொழும்பு என் பங்குக்கு வந்தது. ஒரு நகரத்துக்கு ஒரு குடும்பம். சிங்கப்பூரிலிருந்து அதைத் தொகுத்த பெண் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம்: வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் எடு, ஆனால் கடைசிப் பக்கத்தில் முழுக் குடும்பமும் கமராவை நேராகப் பார்த்து நிற்க வேண்டும். டாக்காவும் மணிலாவும் ஏற்கெனவே வந்துவிட்டனவாம்.

நான் தேர்ந்தெடுத்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீடு. அங்கிளுக்குத் துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணும் வேலை, அன்ரிக்கு வீட்டில் தையல், மகளுக்கு வங்கியில் உத்தியோகம். மூன்றே பேர். குளியலறைக்காகக் காலையில் நடக்கும் சண்டை, ஃபேனுக்கு முன்னால் தலை காயவைக்கும் மகள், பெனியனோடு பேப்பர் பார்க்கும் அங்கிள், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்றுதான் உறுத்தியது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு படத்திலும் இல்லை. நான் ஃபிரேம் போட்டுக் காத்திருக்கும்போதெல்லாம் அன்ரி "இந்தா வாறன்" என்று அடுப்பைச் சாட்டிக் குசினிக்குள் நழுவிவிடுவார். கூச்சம் என்று நினைத்தேன். இத்தனை வருடம் இதே தொழில், என்ன மண்ணாங்கட்டி அனுபவம்!

இதற்கிடையில் அங்கிளின் இருதய ஒப்பரேஷனுக்குத் திகதி வந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் கடைசிப் படத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு காலை போனேன். அங்கிளும் மகளும் நன்றாக உடுத்து வந்து நின்றார்கள். அன்ரி குசினி வாசலைவிட்டு அசையவில்லை.

"மூண்டு பேர் சேர்ந்து நிண்டு படம் எடுக்கக்கூடாது, பிள்ளை. அதுவும் இவருக்கு நெஞ்சைப் பிளக்கப் போற நேரத்திலை."

மூன்று பேர் நின்றால் ஒருவர் போய்விடுவார், அதுவும் நடுவில் நிற்பவர். எங்கள் சனத்தின் பழைய பயம். என் வீட்டிலும் சொல்வார்கள். நான் சிரித்துவிட்டுப் போகிறவள்.

"அப்ப அந்தப் பூனையைத் தூக்கு, நாலு பேராச்சு," என்றார் அங்கிள் மகளிடம்.

"உங்களுக்கு எல்லாம் பகிடி!" அன்ரியின் குரல் உடைந்தது. "நீங்கள் திரும்பி வராட்டி நான் என்ன செய்யிறது?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்கள் வந்து நில்லுங்கோவன்."

நான் எடுக்கும் படத்துக்குள் நான் போவதில்லை. அது என் தொழில் ஒழுங்கு. அன்ரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒழுங்கு கதைக்க முடியுமா? கமராவை ஸ்டாண்டில் ஏற்றி, டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய் மகளுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றேன். அன்ரி வந்து அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல படம். நான் நின்றும் நல்ல படம்.

ஒப்பரேஷன் நடந்துகொண்டிருந்த காலையில் சிங்கப்பூர்க்காரியின் செய்தி வந்தது. படம் அபாரம், ஓரத்தில் நிற்கும் உன்னை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பு, அச்சுக்குப் போகிறது, இன்றே வேண்டும். நியாயம்தான். குடும்பம் மூன்று பேர், நான் யார்? லெப்டொப்பைத் திறந்து என் தோளுக்கு இந்தப் பக்கம் கோட்டை இழுத்தேன். திரையில் மூன்று பேர் நின்றார்கள். நடுவில் அங்கிள்.

லெப்டொப்பைவிட்டுக் கையை எடுத்தேன். சீ, நீயெல்லாம் படித்தவளா என்று என்னையே ஏசினேன். ஏசியும் விரல் அழுத்தவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். நாலு பேரோடு போடு, இல்லாவிட்டால் விடு என்று எழுதினேன். காரணம் கேட்டாள். உண்மையைச் சொல்ல வெட்கம். என் படத்தை நான் வெட்டமாட்டேன் என்று திமிராக மறுமொழி போட்டேன். பின்னேரத்துக்குள் கொழும்புக்குக் கடைசிப் பக்கம் இல்லாமல் போனது. அதன் பிறகு மகள் கோல் எடுத்தாள். "அக்கா, அப்பா கண் முழிச்சிட்டார்." நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

அங்கிள் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி சாய்ந்திருந்தார்.

"எங்கட படம் புத்தகத்திலை வருதோ?" என்று அன்ரி கேட்டார்.

மற்றப் படங்கள் வரும், அது மட்டும் வராது என்றேன். ஏன் வராது என்பதையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுதான். "உங்களை மூண்டு பேராக்க எனக்கு மனம் வரேல்லை, அன்ரி."

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயோ, விசர்ப் பிள்ளை! நிண்டு எடுக்கேக்கைதான் மூண்டு பேர் கூடாது. பிறகு வெட்டினால் ஒண்டும் செய்யாது!"

அங்கிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காயம் நோகத் தலையணையை இறுக்கிக்கொண்டு, "சிரிக்க வைக்காதையுங்கோ" என்று கெஞ்சினார். அன்ரி தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் மகளுக்கு அனுப்பியிருந்த அதே படம், கனடாவிலிருக்கும் அவருடைய தங்கச்சிக்குப் போயிருந்தது. அன்ரி, அங்கிள், மகள். படம் எடுத்த அன்றைக்கே என்னை வெட்டி எறிந்திருக்கிறார், அதுவும் கோணலாக.