சரஸ்வதி பூஜைக்கு நான் எடுத்து வைத்த தாள்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு வருஷம் தைவான்காரம்மா ஒருவர் குடியிருந்தார். ஆசிரமத்துக்குப் பக்கத்து வீடு என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து போவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இவர் வேறு ரகம். சரித்திரம் படித்தவர், தம் நாட்டில் பெரிய அரசு அருங்காட்சியகத்துக்கும், பிறகு அரசாங்கத்தின் பழைய காகிதங்களைக் காக்கும் அலுவலகத்துக்கும் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சித்தி சொன்னாள். வீட்டில் அவளுக்குத்தான் இங்கிலீஷ் வரும். பழைய பேப்பருக்கு ஒரு தலைவரா என்று அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் அது எடைக்குப் போகும்.

அவருடைய மேஜையைத் தொடுவதற்கு முன் நான் கை கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். எட்டு வயதில் எனக்கு அது கோயிலை மிஞ்சிய ஆசாரமாகத் தெரிந்தது.

சரஸ்வதி பூஜையன்று அவர் மலை சுற்றப் போயிருந்தார். "படிக்கிற சாமான் எல்லாம் எடுத்தாந்து வைடி" என்றாள் அம்மா. வீட்டிலேயே பெரிய படிப்பு மாடியில் அல்லவா இருக்கிறது? கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மஞ்சளாகிப்போன ஒற்றைத் தாள். உறையில் சந்தனம் ஒட்டாதே என்று தாளை உருவினேன். நாலு மூலையிலும் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். என் கணக்கு நோட்டுக்கும் மேலே, உச்சியில் வைத்தேன்.

மலை சுற்றித் திரும்பி, சுண்டல் வாங்கக் கீழே வந்த தைவான்காரம்மா அதைப் பார்த்தார். கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பதறி முந்தானையால் தாளைத் துடைக்கப் போக, அவள் கையை இறுக்கிப் பிடித்துத் தடுத்தார்.

சித்தி அவரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். "அவங்க அப்பா ஜெயில்ல எழுதின லெட்டராம். இவங்க அம்மா வயித்துல இருக்கும்போதே கவர்மெண்ட்டு அவரைச் சுட்டுடுச்சாம். லெட்டரைக் குடுக்காம கவர்மெண்ட்டே வச்சிக்கினு இருந்திருக்கு. இவங்க அந்த ஆபீசுக்குத் தலைவரா போனப்புறம்தான் கெடச்சுதாம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. "வேற பேப்பர்ல நானே பார்த்து அழகா எழுதித் தரேன்னு சொல்லு சித்தி" என்றேன். சித்தி சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் சுண்டல் தின்னப் போய்விட்டேன்.

மீதியைச் சித்தி எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. பெண் பிறந்தால் வைக்கச் சொல்லி அந்த அப்பா ஒரு பெயர் எழுதியிருந்தாராம். கடிதம் போய்ச் சேராததால் யாரும் வைக்காமலே போன பெயர். அது தாளின் நடுவில், நான் குங்குமம் வைத்த இடத்தில் இருந்தது.