வடக்கன்குளத்தான் பெயரில் வந்த கருத்து

அச்சில் வந்த என் முதல் நகைச்சுவைக்குக் கீழே என் பெயர் இல்லை. இன்னொருவன் பெயர் இருந்தது. திருட்டு எதுவும் நடக்கவில்லை. நானேதான் அவன் பெயரை எழுதி, உறையில் வைத்து ஒட்டி, படப்பை தபால் நிலையத்துப் பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு என் பெயரிலேயே ஏராளமாக எழுதியாகிவிட்டது. உங்கள் எழுத்தில் உங்களுக்கே பிடித்தது எது என்று சிலர் கேட்பதுண்டு. எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். எதை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். அதை யாரும் கேட்பதில்லை. நீளமான பட்டியல் வரும் என்று பயப்படுகிறார்களோ என்னவோ.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஒரகடம் பக்கம் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வந்து விழும் பாகங்களைப் புரட்டிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று மார்க்கரால் குறி போடுவது வேலை. எட்டு மணி நேரம் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தார்கள். மீதி நேரத்தில் அதை இலவசமாகவே செய்துகொண்டிருந்தேன்.

படப்பையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு மாடி அறை எடுத்திருந்தோம். என் புத்தகங்கள் ஒரு ஜன்னலை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தன. அதில் பாதி ஆங்கிலம் என்பதால், காற்று வராததைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. லீவு லெட்டர், பேங்க் விண்ணப்பம், மெமோவுக்குப் பதில் எல்லாம் என்னிடம்தான் வரும். அறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, ஊர்தான் பெயர். நான் அரக்கோணம். எனக்கு அடுத்த பாய் வடக்கன்குளம்.

வடக்கன்குளம் என்னைவிட ஒரு வயது இளையவன். அந்த ஒரு வயதுக்காக என்னை அண்ணே என்பான். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை அமுக்கி வடிவம் எடுக்கும் இயந்திரங்கள் வரிசையாக அடித்துக்கொண்டே இருக்கும் இடம் அது. காதை அடைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்கவேண்டும். வெளியே வந்த பிறகும் ஒரு மணி நேரம் எல்லாரிடமும் கத்தித்தான் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் குரல் இயல்பாக இருக்கும். காலையில் சர்ச் பூசைக்குப் போய்விட்டு வருவான், சாப்பிடுவான், என்னையும் கிளப்பிக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவான்.

வாரநாளில் அங்கே கணக்கெழுதும் மென்பொருளும் டைப்பிங்கும் சொல்லிக்கொடுப்பார்கள். ஞாயிறு மதியம் விளையாட்டு. நான்கு கம்ப்யூட்டர்களில் மூன்றில் ஒரே விளையாட்டுதான் ஓடும். முதுகில் பை, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, பின்னிய சடையோடு ஒரு பெண் பழங்காலக் கல்லறைகளுக்குள் இறங்கி, ஓநாயையும் வௌவாலையும் சுட்டு, பூட்டிய கதவுகளைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு வருவாள்.

அந்த விளையாட்டைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் அங்கே கிடையாது. வெல்டர் ஒருவர், இவ்வளவு உயரத்தில் சேஃப்டி பெல்ட் இல்லாமல் தொங்குகிறாளே, எங்கள் சூபர்வைசர் பார்த்தால் அன்றைக்கே மெமோ என்பார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவருக்கு அவள் பாறைகளைக் கையால் தள்ளுவது பொறுக்காது. ஒரு வண்டி கொடுத்திருந்தால் அரை ஷிப்டில் எகிப்தையே காலி செய்திருக்கலாம் என்பது அவர் கட்சி. சென்டர்க்காரர் படப்பையிலேயே பிறந்தவர். "இன்னா பெரிய கேம். மூணு மாசமா ஒரே கதவ தேடிகினு கீறானுங்க" என்பார். நான் கதையமைப்பு பலவீனம், பாத்திரம் வளரவில்லை என்றெல்லாம் சொல்வேன். சொன்னவன் முதல் குகையிலேயே ஓநாய் கடித்துச் செத்துக்கொண்டிருந்தவன்.

வடக்கன்குளம் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்ப்பவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வரும். எல்லாரும் அவளை ஓடவிடுவார்கள். அவன் நடக்கவிடுவான். ஓநாயைச் சுட்டு முடித்த பிறகும் அந்தக் கூடத்தைவிட்டுப் போகமாட்டான். சுவரோரமாக ஒரு சுற்று, தூணைச் சுற்றி ஒரு சுற்று. நேரம் முடியப்போகுது, தாண்டிப் போப்பா என்று யாராவது அதட்டினால்தான் அடுத்த கதவு.

சென்டர்க்காரர் மாதாமாதம் ஓர் ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவார், கூட வரும் சிடிக்காக. அதன் கடைசிப் பக்கத்தில், விளையாட்டுகளைப் பற்றி விளையாடுகிறவர்களே எழுதும் கருத்துகள் வரும். சிறந்த கருத்துக்கு ஒரு மவுஸ் பேட் பரிசு. வடக்கன்குளம் அந்தப் பக்கத்தை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்கள் இருவருக்கும் மதிய ஷிப்டாக இருந்த ஒரு காலையில், அறையில் மற்ற இருவரும் வேலைக்குப் போன பிறகு, தான் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டான். நான் பெருந்தன்மையோடு பேனாவை எடுத்தேன்.

முதலில் சத்தத்தைப் பற்றிச் சொன்னான். அந்தக் கல்லறைக்குள் பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது; அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும், கல்லில் ஒரு மாதிரி, மண்ணில் ஒரு மாதிரி. கம்பெனியில் தன் காலடியைத் தானே கேட்டு வருஷமாகிறது, அதனால்தான் வேலையில்லாமல் அவளை நடக்கவிடுவதாகச் சொன்னான். இரண்டாவது விஷயத்தைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினான்.

"இவ்ளோ பெரிய கல்லறையாக் கட்டிருக்கான். வருசத்துக்கு ஒருக்கா வந்து தூத்துப் பெருக்க ஆளு இல்லையாண்ணே? ஒரு மெழுகுத்திரி கெடையாது, ஒரு பூ கெடையாது. அந்தப் பிள்ளை மட்டுந்தான் வாரா. அவளும் எடுத்துட்டுப் போகத்தான் வாரா. செத்தவங்களப் பாக்க ஒருத்தர் வந்துட்டுப் போன மாதிரி ஒரு எடத்துலயாவது காட்டிருக்கலாம். அத எழுதுங்கண்ணே."

அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பா இறந்துபோனார். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, அவர்கள் ஊரில் குடும்பம் குடும்பமாகப் போய்க் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்படித்து, மாலை போட்டு, மெழுகுத்திரி ஏற்றுவார்கள். போன நவம்பரில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவசர ஆர்டர், லைனை நிறுத்தமுடியாது என்றுவிட்டார்கள். அம்மாவும் தங்கையும் மட்டும் போய்ச் சுண்ணாம்படித்தார்கள். லீவு மறுக்கப்பட்ட அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. இதெல்லாம் தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

காலடிச் சத்தத்தை ஒழுங்காகவே எழுதினேன். மெழுகுத்திரிக்கு வந்தபோது எனக்குள் ஒரு வாக்கியம் தானாகக் கிளம்பியது. நன்றாக இருந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: 'எங்கள் ஊரில் நவம்பர் பிறந்தால் செத்துப்போன அப்பாவுக்கு வெள்ளையடிப்போம். உயிரோடு இருந்தவரை அவர் வீட்டுக்கு அடிக்காத வெள்ளை அது. எகிப்து ராஜாக்களின் வாரிசுகள் சம்மதித்தால் பிரமிடுகளுக்கும் கொட்டேஷன் அனுப்பத் தயார். இரண்டு கோட்டிங். மெழுகுத்திரி ஒன்று இலவசம்.'

படித்துக் காட்டச் சொன்னான். அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், முழு வாக்கியத்தின் அர்த்தம் பிடிபடாது. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் சொன்னதையே தமிழில் அவனுக்குத் திரும்பச் சொன்னேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"மெழுகுத்திரி இருக்காண்ணே?"

இருக்கிறது என்றேன். இருக்கத்தான் செய்தது, இலவசமாக.

இரண்டு மாதம் கழித்து அது வந்தது. கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள், மாதத்தின் சிறந்த கருத்து என்று. கீழே அவன் பெயர், ஊர். சென்டர்க்காரர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். வடக்கன்குளம் தாம்பரம் போய் மூன்று பிரதி வாங்கிவந்தான். ஒன்றை அன்றைக்கே ஊருக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டு வந்து, கூச்சத்தோடு என்னிடம் ஒன்று சொன்னான். இங்கிலீஷில் தானே எழுதியதாக அம்மாவிடம் சொல்லிவிட்டானாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். தாராளமாகச் சொல்லிக்கொள் என்றேன். அதே வாரம் கம்பெனி கேன்டீனில் நாலு பேருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி, உண்மையில் எழுதியது யார் என்பதையும் சொல்லி, அவர்கள் சிரிப்பதைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் தங்கை நாகர்கோவிலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து அவன் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள், வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, ஊர்லேந்து போன் வந்துகீது." நானும் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு பின்னால் இறங்கினேன். போன் அவர்கள் வீட்டு முன் அறையில். குழாய் அதற்கு நேர் வெளியே. அவன் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"ஆமாம்மா, நாந்தான் எழுதுனேன்." ரொம்ப நேரம் எதுவும் இல்லை. "சும்மா தமாசுக்கும்மா." "அழாதம்மா. அப்பாவச் சொல்லலம்மா."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.

மேலே வந்ததும் அவன் தன் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த பிரதிகளில் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தான். என்ன இருக்கிறதோ அதை மட்டும், ஒரு வரி விடாமல், தமிழில் சொல்லச் சொன்னான். சொன்னேன். நகைச்சுவையை அது யார்மேல் விழுந்ததோ அவனிடமே வாசித்துக் காட்டுகிற வாய்ப்பு எழுத்தாளர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை, அது நல்லதுக்குத்தான். பிரமிடு கொட்டேஷன் வரும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் நியாயம்தான். அவன் ஒரே ஒரு வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னான்.

"உயிரோட இருந்தப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்கலன்னு போட்டிருக்கீய. எங்க வீட்டுக்கு அப்பா வெள்ளையடிக்கலன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. அவன் அப்பாவைப் பார்த்ததில்லை. அந்த இடத்தில் வாக்கியம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சமமாக்க ஒரு ஏழை அப்பா தேவைப்பட்டார், போட்டேன். இதை அவனிடம் சொல்லமுடியவில்லை. தப்புதான் என்றேன். அப்புறம், குவாலிட்டிக்காரன் புத்தி, தேறாததைத் திருத்தித் தேற்றும் ரீவொர்க்குக்கு உடனே வழி யோசித்தது. பத்திரிகைக்கு மறுப்பு எழுதுகிறேன், எழுதியது நான்தான் என்று உன் அம்மாவிடம் நானே போனில் சொல்கிறேன் என்றேன்.

மறுப்பு வேண்டாம் என்றான். அதைப் போட்டால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். அம்மாவிடமும் சொல்ல வேண்டாம். சொன்னால், இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்றதும் பொய்யென்று தெரிந்துவிடும். தங்கை தன் கல்லூரியில் அண்ணன் எழுதியதாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். யார் எழுதியிருந்தாலும் கீழே இருப்பது தன் பெயர்; அப்பாவைக் கேலி செய்தவன் என்பதோடு பொய்க்காரன் என்பதும் சேர வேண்டாம், ஒன்று போதும் என்றான். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒன்றை அவன் செய்யவில்லை.

மவுஸ் பேட் கூரியரில் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத அறையில் அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் அதைச் சென்டருக்குக் கொடுத்துவிட்டு, கதவில் ஒட்டியிருந்த பக்கத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னான். அவர் ஏன் என்று கேட்டதற்கு வெயிலில் நிறம் போய்விட்டது என்றான்.

ஞாயிறுகளில் அவன் விளையாடுவதை நிறுத்தவில்லை. என்னோடு வருவதைத்தான் நிறுத்தினான். நான் தனியாகப் போய்ச் சேரும்போது அவன் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பான். அடுத்த பாகம் வந்தது. வெல்டர் கருத்துச் சொன்னார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கருத்துச் சொன்னார். இது எப்படி இருக்கிறது என்று அவனைக் கேட்டேன். "நல்லாருக்குண்ணே" என்றான். எந்த இடம் நல்லா இருக்கிறது என்றேன். எல்லாம் நல்லா இருப்பதாகச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டான். அவள் ஏதோ ஒரு கூடத்தில் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தாள். அவன் அங்கே எதைக் கவனிக்கிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. நான் பார்த்தவர்களிலேயே அந்த விளையாட்டைப் பற்றி உருப்படியான கருத்து வைத்திருந்த ஒரே ஆள் அவன். அது இப்போது எனக்குக் கிடைக்காது.

அந்த அக்டோபரில் நான் அவன் ஷிப்ட் இன்சார்ஜைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். அவர் லைனிலிருந்து வந்த இரண்டு லாட் பாகங்களைக் கொஞ்சம் கருணையோடு பாஸ் செய்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாழ்க்கையில் நான் கண்டுகொள்ளாமல் விட்ட குறைகளில் அவையும் அடக்கம். வடக்கன்குளத்துக்குக் கல்லறைத் திருநாளையொட்டி நாலு நாள் லீவு கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் நன்றி சொல்வான். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஊரிலிருந்து திரும்பிவந்தவன் கருப்பட்டி கொண்டுவந்திருந்தான். மற்ற இருவருக்கும் கொடுத்ததைப் போலவே எனக்கும் ஒன்று கொடுத்தான். வாங்கிக்கொண்டு, எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"கல்லறைக்குப் போனியா? சுண்ணாம்பு அடிச்சியா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிக்கிறேனா, சிரிப்பதற்கு முன்னால் வருகிற அந்த ஏதோ ஒன்று என் வாயோரத்தில் தெரிகிறதா என்று பார்த்தான். நான் முடிந்தவரை முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். அதுவே சந்தேகத்துக்கு இடமாகிவிட்டதோ என்னவோ.

"அடிச்சாச்சு" என்றான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.